பதினொன்றேகாலுக்கு ஓடியது யார்?

“பதினொன்னேகாலுக்கு என்னடி பண்ணிட்டிருந்த?”

செக்கரக்கா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தோள்பை தோளிலேயே தொங்குகிறது. ஒரு கையில் போன், இன்னொரு கையில் மகளின் மணிக்கட்டு. அந்த மணிக்கட்டில் கிடக்கும் வாட்சுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் போதும், காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அது போனில் கொட்டிவிடும். எத்தனை அடி நடந்தாள், நெஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை தரம் அடித்தது, எப்போது உட்கார்ந்தாள், எப்போது எழுந்தாள் என்று ஒரு சிவப்புக் கோடு மேடும் பள்ளமுமாக வரும். இன்றைக்கு வந்த கோட்டில் பதினொன்றேகால் மணிக்கு ஒரு மலையே நின்றது. உச்சியில் நூற்று அறுபத்தொன்று.

“படிச்சிட்டிருந்தேன்.”

“படிச்சா நூத்தி அறுபத்தொண்ணு அடிக்குமா?”

“கணக்கு,” என்றாள் மகள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “கஷ்டமான கணக்கு.”

சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புருஷனுக்குப் புரையேறியது. அவருக்கு ஃபர்னிச்சர் கடையில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று எதையாவது முதுகில் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. வாய் திறந்து பேசுவதற்குக் காசு கேட்பார் போல, அப்படி ஒரு ஊமைக்கோட்டான். இருமி முடித்தவர், குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நழுவினார். தலை ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது.

செக்கரக்கா என்பது கம்பெனியில் வைத்த பெயர். சட்டை தைக்கிற கம்பெனி. தைத்து முடிந்த சட்டை கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும். டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, காலர், பட்டன், கைமடிப்பு, உள்தையல் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒரு தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. பத்தடி தூரத்தில் இருந்தே பிசிறு தெரிந்துவிடும் என்று தையல் லைனில் உள்ள பெண்கள் சொல்வார்கள். சிலர் பாராட்டாக, பலர் வயிற்றெரிச்சலாக. வீட்டிலும் அந்தக் கண் மூடாது என்பதுதான் அவளுடைய பெருமையும் மற்றவர்களுடைய தலையெழுத்தும்.

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். பதினோரு வயது. நாலு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தாள். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்த வைரஸ் காய்ச்சல் இவளுக்கும் வந்தது. மற்றதுகளுக்கு மூன்று நாளில் போனது, இவளுக்கும் போனது. காய்ச்சல் போன நாலாம் நாள், நெஞ்சு கனமாக இருக்கிறது என்றாள். வெளிறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைரஸ் இதயத் தசையைப் பிடித்துவிட்டது, தசை வீங்கியிருக்கிறது என்றார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு மூன்று மாதம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படியேறக்கூடாது. இதைக் கேட்டதும் செக்கரக்கா ஒரே ஒரு விஷயத்தை நெஞ்சில் எழுதிக்கொண்டாள்: மெதுவா. எழுந்தால் மெதுவா. பாத்ரூம் போனால் மெதுவா. சிரித்தால்கூட மெதுவா. தரைத்தளத்தில் வீடு இருப்பது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல். ஆறாம் வகுப்பு மூன்றாம் மாடியில் இருந்தது. அதனால் வாலுவைக் கீழே நூலகத்தில் தனியாக உட்காரவைத்து, பாடத்தைத் தாளில் எழுதி மேலேயிருந்து அனுப்பினார்கள்.

மூன்று மாதம் பொத்திப் பொத்திப் பார்த்துக் கொண்டுபோய்க் காட்டினால், அந்த டாக்டரம்மா என்ன சொன்னார்? வீக்கம் சுத்தமாக வடிந்துவிட்டது, சந்தோஷம், இனிமேல் பிள்ளை நடக்க வேண்டும். தினமும். அரை மணி நேரம். பேச முடிகிற வேகத்தில், ஆனால் பாட முடியாத வேகத்தில். படி ஏற வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்தே உடம்பில் தெம்பு போய்விட்டது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால்தான் இதயத்துக்கும் நல்லது. நாடி பார்க்கிற வாட்ச் ஒன்று கட்டுங்கள், நூற்று ஐம்பதைத் தாண்டினால் உட்காரட்டும். நாலு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்ப்போம். அதில் தேறினால் வகுப்புக்குப் போகலாம் என்று சீட்டு எழுதித் தருகிறேன்.

அன்றைக்கே செக்கரக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேற்று வரைக்கும் ஓடாதே, இன்றைக்கு ஓடு. இதென்ன பிள்ளையா, சுவிட்சா? ஆனால் சீட்டு வேண்டும். பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பருவம் முடிவதற்குள் சீட்டு கொண்டுவந்து மூன்றாம் மாடி வகுப்பில் வந்து உட்கார்ந்தால் சரி. இல்லாவிட்டால் வருகைப்பதிவு போதாது, அடுத்த வருஷமும் ஆறாம் வகுப்புதான். கூடப் படித்ததுகளெல்லாம் ஏழாம் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அப்போது ஒன்பது வாரம் மிச்சமிருந்தது.

வாட்ச் வாங்கிக் கட்டிய முதல் வாரம் கூத்துதான். ஒரு நாளைக்கு ஐயாயிரம் அடி என்று செக்கரக்கா அதில் வைத்திருந்தாள், எட்டினால் திரையில் பச்சைப் பூ ஒன்று விரியும். வாலு நடந்தது எண்ணூறு, எழுநூற்று முப்பது, ஒரு நாள் அறுநூறு. நூலகத்திலிருந்து கழிப்பறைக்கும் வாசலுக்கும் போனதோடு சரி. சாயங்காலம் நடக்கக் கூப்பிட்டால் கால் வலிக்கிறது, தலை வலிக்கிறது, வயிறு வலிக்கிறது. தினமும் ஒரு உறுப்பு. செக்கரக்கா கத்தினாள். கத்திவிட்டு, கத்தினால் பிள்ளைக்கு நெஞ்சு படபடக்குமே என்று பயந்தாள். பயந்ததை நினைத்து இன்னும் எரிச்சலானாள். இதற்கு நடுவில் ஆளாளுக்கு டாக்டர். நாத்தனார் போன் போட்டு, அந்த வாட்சிலிருந்து கதிர் வரும், கழற்றி எறி என்றாள். பக்கத்து வீட்டுக்காரர், வளர்கிற பிள்ளை, தானாகச் சரியாகும் என்றார். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார், என்னிடம் விடுங்க, ஒரே வாரத்தில் ஓடவைக்கிறேன் என்றார். அவரிடம் அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை பச்சைப் பூ விரிந்தது. ஒன்பதாயிரத்து நானூறு அடி. செக்கரக்காவுக்கு நம்ப முடியவில்லை. செவ்வாய் பதினோராயிரம். மதியம் நண்பர்களோடு மைதானத்தைச் சுற்றினேன் என்றாள் வாலு. அன்றைக்கு இரவு செக்கரக்கா அவளுக்குப் பிடித்ததாகச் சமைத்துப் போட்டாள், புருஷனிடம்கூடச் சிரித்துப் பேசினாள். அவர் சாப்பாட்டுத் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடக்கக் கூப்பிட்டபோது, “வாரம் பூரா நடந்திருக்கேனே, இன்னிக்கு லீவு” என்றாள் மகள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அடியைப் பார்த்த சந்தோஷத்தில் நாடியைப் பார்க்க ஒரு வாரம் விட்டுப்போயிற்று. பார்த்த நாள்தான் இந்த நூற்று அறுபத்தொன்று. விரலால் தள்ளித் தள்ளி முந்தைய நாட்களைப் பார்த்தாள். நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று அறுபத்தாறு. ஒரு புதன்கிழமை நூற்று எழுபது. எல்லாம் பள்ளிக்கூட நேரத்தில். வீட்டில், ராத்திரி தூங்கும்போது எழுபத்தெட்டு, எண்பது என்று சமர்த்தாக இருக்கிறது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனிக் கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நூலக டீச்சருக்குப் போன் செய்தாள். லைனில் போன் தெரிந்தால் சூப்பர்வைசர் பிடுங்கிக்கொள்வார்.

“டீச்சர், அவ ஓடுறாளா? ரொம்ப ஓடுறாளா?”

“யாரு, உங்க பொண்ணா?” நூலக டீச்சர் சிரித்தாள். “அவ நாற்காலியை விட்டு எந்திரிச்சே நான் பாக்கலங்க. தண்ணிகூட நான்தான் எடுத்துக் குடுக்கறேன். பாவம், தேமேன்னு உக்காந்திருக்கும்.”

“மதியம் மைதானத்துல?”

“சன்னல்கிட்ட உக்காந்து மத்த பிள்ளைங்க விளையாடறத பாக்கும். அவ்வளவுதான்.”

போனை வைத்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. உட்கார்ந்த இடத்தில் நூற்று அறுபது அடிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஓடாமலே ஓடுகிறது. உள்ளே மறுபடியும் வீங்கியிருக்கிறது. மகள் மைதானத்தைச் சுற்றினேன் என்று சொன்னது பொய் என்பதுகூட அந்த நேரத்தில் அவள் புத்தியில் ஏறவில்லை. பயம் வந்தால் மற்றதெல்லாம் மங்கிவிடும். கதவைத் தட்டி, “அக்கா, உள்ள குடியிருக்கியா?” என்று யாரோ கேட்டார்கள். அன்று மதியத்துக்கு மேல் அவள் பார்த்து அனுப்பிய சட்டைகளில் ஒன்றுக்குப் பட்டனே இல்லை என்று சூப்பர்வைசர் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. சட்டையை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்ததை விரித்தாள்.

ஒருவேளை வாட்ச்தான் கோளாறோ என்று கடைசியாக ஒரு நப்பாசை. அன்று மாலையே மகள் கையிலிருந்து கழற்றி, வாங்கின கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் தன் கையில் கட்டிப் பார்த்தார். எழுபத்திரண்டு. கடைப்பையனுக்குக் கட்டினார். எண்பத்தைந்து. “வாட்ச் பக்காவா இருக்கும்மா. உங்க பொண்ணுக்குத்தான் ஏதோ...” என்று இழுத்தார். வாட்சை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன், டெஸ்டை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்கள், நாளை மறுநாள் காலையில் போகிறோம், நீங்களும் லீவு போடுங்கள் என்றாள்.

“எதுக்கு அவசரம்,” என்றார் அவர். “வெயில்ல... வாட்ச் சூடாகி அப்படி காட்டியிருக்கும்.”

“நூலகத்துல ஏதுங்க வெயில்?”

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். செக்கரக்காவுக்கு எரிந்தது. பிள்ளைக்கு நெஞ்சு பிரச்சினை என்று ஒருத்தி குட்டி போட்ட பூனையாக அலைகிறாள், இந்த மனுஷன் சுவரில் என்ன தேடுகிறார்? கல்லைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியிருந்தால் அதுகூட இந்நேரம் ஒரு வார்த்தை பேசியிருக்கும் என்றாள்.

டிரெட்மில் அறை சின்னது. வாலுவின் மார்பில் ஐந்தாறு இடத்தில் ஒயர் ஒட்டினார்கள். பெல்ட் மெதுவாக ஓட ஆரம்பித்தது. வாலு கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டரம்மா திரையைப் பார்த்தார், அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள், அப்பா தன் செருப்பைப் பார்த்தார். இரண்டாம் நிமிஷம் பெல்ட் கொஞ்சம் வேகம் பிடித்து முன்பக்கம் லேசாக உயர்ந்தது. மூன்றாம் நிமிஷம் முடிவதற்குள் வாலு நிறுத்துங்க என்று சொல்லிவிட்டாள். அழவில்லை. உதடு மட்டும் கோணியது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இறங்கி ஓரமாக நின்றாள்.

செக்கரக்கா ஓடிப்போய் மகளைப் பிடித்துக்கொண்டாள். “மறுபடியும் வந்திடுச்சா டாக்டர்?”

“ஒண்ணும் வரல.” டாக்டரம்மா நீளமான தாளைக் கிழித்து எடுத்து விரித்தார். “இதயம் சுத்தமா இருக்கு. காலைல எடுத்த எக்கோ ஸ்கேனும் சுத்தம், இதுவும் சுத்தம். நாடி நூத்தி இருபத்திரெண்டுதான் போச்சு. இவ களைச்சு நிக்கல. பயந்து நின்னுட்டா.”

“அப்ப இது?” செக்கரக்கா போனை நீட்டினாள். “தினமும் நூத்தி அறுபது. உக்காந்த எடத்துல. நீங்களே பாருங்க.”

டாக்டரம்மா பார்த்தார். விரலால் தள்ளினார். மறுபடியும் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “காலைல எட்டரைக்கு ஆரம்பிக்குது. ஏறுது, பத்து நிமிஷம் உச்சத்துல நிக்குது, எறங்குது. மறுபடி ஏறுது. ஒரு மணிக்குச் சாப்பாடு. நாலு மணிக்கு டீ போல இருக்கு. அஞ்சரைக்கு ஓய்வு. ஞாயித்துக்கிழமை லீவு.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “இது பள்ளிக்கூடம் போற பிள்ளையோட நெஞ்சு இல்லம்மா. வேலைக்குப் போற ஆளோட நெஞ்சு. நல்லா பாரம் தூக்கற ஆள்.”

புருஷன் மெல்லக் கையைத் தூக்கினார், வீட்டுப்பாடம் செய்யாத பையன் வகுப்பில் தூக்குவது போல.

“அது நடக்கறத மட்டும்தான் எண்ணும்னு நெனச்சேன்,” என்றார். “நாடி பாக்கும்னு எனக்கு யாரும் சொல்லல.”

மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. காலையில் பள்ளி வாசலில் இறக்கிவிடும்போது வாலு வாட்சைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். அவர் அதைக் கட்டிக்கொண்டு ஃபிரிட்ஜ் தூக்குவார். சாயங்காலம் அம்மா வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார். அம்மா தினமும் கத்துகிறாள், பூ விரிய மாட்டேனென்கிறது, நீ எப்படியும் நடக்கிற ஆள்தானே அப்பா என்று பிள்ளை கேட்டது. அவருக்கு மறுக்கத் தெரியவில்லை. நாடியைப் பற்றிப் பேச்சு வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தபோது பெண்டாட்டி கத்திக்கொண்டிருந்தாள், அதற்கப்புறம் நேரம் அமையவில்லை.

“நேரம் அமையலையா?” செக்கரக்கா அவர் பக்கம் திரும்பினாள். “நாலு நாளா செத்துப் பொழைச்சிட்டிருக்கேன். நேரம் அமையலையா?”

கோபத்தில் மகளின் கையைப் பிடித்து இழுத்தவள், வாட்சைப் பார்த்தாள். மகள் எட்டாவது ஓட்டையில் மாட்டியிருந்தாள். பட்டையில் மடிப்பு விழுந்து வெளுத்திருந்தது மூன்றாவது ஓட்டையில். கடைசி ஓட்டைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. நல்ல அழுத்தமான மடிப்பு, நாள் முழுக்க ஒரு பெரிய மணிக்கட்டில் இறுகிக் கிடந்தால்தான் விழும். தினமும் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறாள். ஆனால் போன் திரையை மட்டும் பார்த்திருக்கிறாள். கம்பெனியில் யாராவது இப்படிப் பார்த்திருந்தால் அவர்களை அவளே நாறடித்திருப்பாள்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு புருஷனிடம் சொன்னார். “நீங்களும் ஒரு நாள் வந்து நெஞ்சைக் காட்டிட்டுப் போங்க. நூத்தி எழுபது உங்க வயசுக்கு அதிகம்.” பிறகு நாற்காலியை வாலுவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சரி, உன் விஷயத்துக்கு வருவோம். எதுக்கு நிறுத்தச் சொன்ன? வலிச்சுதா?”

“இல்ல.”

“மூச்சு வாங்கிச்சா?”

“இல்ல.” வாலு விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அடிச்சுது. சத்தமா. சத்தமா அடிச்சா அம்மாவுக்குப் புடிக்காது.”

“எனக்குப் புடிக்காதுன்னு யாருடி சொன்னா?”

“நீ ராத்திரி வந்து நெஞ்சுல கை வெச்சுப் பாப்பல்ல. நான் தூங்கல. அப்ப சத்தமா அடிச்சா நீ போகவே மாட்ட, அங்கேயே உக்காந்து அழுவ. அதான் மூச்சைப் புடிச்சிட்டு, மெதுவா அடி, மெதுவா அடின்னு சொல்லிட்டே இருப்பேன். மெதுவா அடிச்சா நீ போய்ப் படுத்துப்ப.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து, செக்கரக்கா ஒரு ராத்திரி விடாமல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். பிள்ளை தூங்குகிறது என்று நினைத்து, சத்தம் வராமல் அழுததாக நினைத்து. கிட்டத்தட்ட நாலு மாதம். பதினோரு வயதுப் பிள்ளை அம்மாவைத் தூங்கவைக்கத் தன் இதயத்தையே அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. அவளுக்கு யாரையாவது நாலு வார்த்தை திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்குத் தன்னைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை மெதுவான்னு சொல்வீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

அவள் பதில் சொல்வதற்குள் வாலு சொன்னாள், “கணக்கே இல்ல.” புருஷன் தலையாட்டினார். இதற்கு மட்டும் நேரம் அமைந்துவிட்டது.

டாக்டரம்மா சீட்டு எழுதவில்லை. நாலு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். பருவம் முடிய ஆறு வாரம் இருக்கிறது, நேரம் போதும் என்றார். வாட்சை இப்போதைக்கு டிராயரில் போடுங்கள். தினமும் கூடப் போய் நடங்கள். முதல் வாரம் ஒரு மாடி, அடுத்த வாரம் இரண்டு, பிறகு மூன்று. பேச்சு வரவில்லை, வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் உடனே நிறுத்தி எனக்குப் போன் செய்யுங்கள். நெஞ்சு அடித்தால், அடிக்கட்டும், அது அதன் வேலை. அப்புறம் ஒரு மருந்து உங்களுக்கு, என்று செக்கரக்காவைப் பார்த்தார். மெதுவா என்ற வார்த்தையை நாலு வாரத்துக்கு நிறுத்துங்கள். ராத்திரி கை வைக்கிற வேலையையும்.

சிகரெட்டை நிறுத்துவது இதைவிடச் சுலபமாக இருக்கும். முதல் நாள் வாய் தவறி நாலு தடவை வந்தது. வாலு ஒவ்வொரு தடவையும் விரலைத் தூக்கிக் காட்டினாள். ராத்திரி செக்கரக்கா மகளின் படுக்கைக்குப் பாதி வழி போய், நடையில் நின்று, திரும்பி வந்து படுத்தாள். புருஷன் இருட்டில், “வந்துட்டியா?” என்று மட்டும் கேட்டார். அவரிடம் இன்னும் அவள் சரியாகப் பேசவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவை ஓங்கி வைப்பதோடு சரி. அவரும் பரிகாரம் போல வேலை முடிந்து நேராக வந்து, முதுகு வலியோடு மகளோடு தெருமுனை வரை நடந்தார். கூடவே பேச வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. பேசத் தெரியாத மனுஷன், இன்றைக்கு எந்தெந்த வீட்டுக்கு என்னென்ன தூக்கினேன் என்று ஒப்பித்துக்கொண்டே போனார். வாலு நடுநடுவே பாட முயன்று, பாட வரவில்லை, வேகம் சரிதான் என்று அறிக்கை கொடுத்தாள்.

அவர்கள் கட்டடத்து மாடிப்படியில் முதல் மாடி ஏற வாலுவுக்கு ஐந்து நாள் பிடித்தது. நாலாம் நாள் வரைக்கும் பாதியில் உட்கார்ந்தாள். செக்கரக்கா பின்னாலேயே போனாள், முன்னால் போனாள், பக்கத்தில் போனாள். எப்படிப் போனாலும் பிள்ளை படியைப் பார்க்காமல் அவள் முகத்தைத்தான் பார்த்தது. முகத்தில் ஏதாவது சுருங்கினால் உடனே நெஞ்சில் கை போகும். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் வாலுவே சொன்னாள்.

“நீ வராத. கீழேயே நில்லு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு.”

கேட்டதும் சுருக்கென்றுதான் இருந்தது. என் மூஞ்சிக்கு என்னடி என்று கேட்க வந்தது. கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை. இன்றைக்கு மூன்று மாடி. புருஷன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மாடிப்படி சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கீழே நின்று நடுவிலிருக்கிற சந்து வழியாக அண்ணாந்து பார்த்தால் ஆள் தெரியாது, கைப்பிடிக் கம்பியில் கை மட்டும் தெரியும். செக்கரக்கா தோள்பையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். சின்னக் கை முதல் சுற்றில் போனது. செருப்புச் சத்தம் சீராகக் கேட்டது. முதல் மாடி. எதிர்வீட்டுக்காரி குப்பை வாளியோடு வெளியே வந்து, “என்ன, புள்ளைய தனியா விட்டுட்டீங்க?” என்று கேட்டாள். செக்கரக்கா அவளைப் பார்த்த பார்வையில் வாளியோடு உள்ளே போய்விட்டாள். இரண்டாம் மாடி. கை கொஞ்சம் தாமதித்தது, கம்பியை மாற்றிப் பிடித்தது, மறுபடி ஏறியது.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் செருப்புச் சத்தம் நின்றது. கையும் நின்றது.

செக்கரக்கா எண்ண ஆரம்பித்தாள். பத்து. இருபது. மேலே ஓடலாம், ஒரே நிமிஷத்தில் போய்விடலாம், போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். நாலு வாரம் போனால் போகட்டும், ஒரு வருஷம் போனால்தான் என்ன, பிள்ளை முழுசாக இருந்தால் போதும். மெதுவா என்ற வார்த்தை நுனிநாக்கில் வந்து நின்றது. பையின் வாரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

“அம்மா.”

“சொல்லு.”

“அடிக்குதும்மா. ரொம்ப அடிக்குது.”

“வலிக்குதா?”

“இல்ல.”

“தலை சுத்துதா?”

“இல்ல. பேச வருது. சும்மா அடிக்குது. சத்தமா.”

படிக்கட்டில் அவள் குரல் சுற்றிச் சுற்றி இறங்கி வந்தது. மேலே போகலாமா, கீழே வரட்டுமா என்று அது கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டது. செக்கரக்காவுக்குப் புரிந்தது. வாயிலிருந்து வாரை எடுத்தாள். முகம் எப்படி இருந்தால் என்ன, அங்கிருந்து தெரியப்போவதில்லை.

“அடிக்கட்டும்டி,” என்றாள். “நல்லா அடிக்கட்டும். எனக்குக் கேக்கணும்.”

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மங்கலான பல்பு வெளிச்சத்தில் கம்பியின் மேல் நாலு விரல் தெரிந்தது. பிறகு அந்த விரல்கள் கம்பியை விட்டன, செருப்புச் சத்தம் மறுபடி ஏறத் தொடங்கியது. வெறும் கம்பி மட்டும், அவள் கண்ணுக்கு எட்டிய உயரம் வரைக்கும், சுற்றிச் சுற்றி மேலே போய்க்கொண்டிருந்தது.